வீடு திரும்பும் குழந்தைகளும் ‘ஓராண்டுப் புண்’ணும்

2024 டிசம்பர் 8 அன்று சிரியாவில் அஸத் ஆட்சி வீழ்ந்தது. அதன் பிறகு ஓராண்டு முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய அகதிகள் துருக்கி, லெபனான், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து தங்கள் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அதே 2025இல் ஈரானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் 20 லட்சத்துக்கும் அதிகமான ஆப்கானியர்கள் தாயகம் சென்றார்கள். அவர்களில் பலர் விரும்பிச் சென்றவர்கள் அல்லர், வெளியேற்றப்பட்டவர்கள். இந்த இரண்டு பெரும் இடப்பெயர்வுகளின் அரசியலைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. திரும்பிய குழந்தைகளின் உடலுக்கு என்ன நேரக்கூடும் என்பதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அந்தக் குழந்தைகளின் முகத்தைக் குறிவைத்து ஒரு நோய் காத்திருக்கிறது.

மருத்துவ உலகில் அதன் பெயர் தோல் லீஷ்மேனியாசிஸ். அரபு மக்கள் அதை ‘ஹப்பத்துஸ் ஸனா’ என்பார்கள். ஸனா என்றால் ஆண்டு. தோன்றி, வளர்ந்து, ஆறுவதற்கு ஓராண்டு ஆகும் கொப்புளம் என்பது பொருள். ஆப்கானியர்கள் தரி மொழியில் ‘ஸால்தானா’ என்று சொல்வதும் இதே கருத்தில்தான். ஹலப் நகரத்தார் தங்கள் ஊரின் பெயராலேயே ‘ஹப்பத்து ஹலப்’ என்றார்கள். அங்கு வாழ்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்ஸாண்டர் ரஸ்ஸல் 1756இல் வெளியிட்ட தமது நூலில் இந்தப் புண்ணை விவரித்திருக்கிறார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இப்னு சீனா ‘பல்க் புண்’ என்ற பெயரில் இதைக் குறிப்பிட்டதாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பல்க் இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதி. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்த மண்ணைவிட்டு இந்த நோய் போகவில்லை.

இதனால் உயிர் போகாது. பெரும்பாலான புண்கள் மருந்தில்லாமலேகூட ஒரு நாள் ஆறிவிடும். அப்படியிருக்க ஏன் இவ்வளவு கவலை? புண் ஆறினாலும் வடு போகாது என்பதுதான் காரணம். ஐந்து வயதுச் சிறுமியின் கன்னத்தில் விழும் பள்ளம், அவள் பள்ளிக்குப் போகும்போதும், நிக்காஹ் பேச்சு வரும்போதும், தாயான பின்பும் அவளுடனேயே இருக்கிறது. அந்த வடுவைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம் என்பதும், தவிர்க்கும் வழிகள் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை என்பதும்தான் இங்கு நாம் கவனிக்க வேண்டியவை.

நோய் எப்படி வருகிறது?

லீஷ்மேனியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. இதைப் பரப்புவது மணல் ஈ. பெயரில் ஈ என்று இருந்தாலும் நம் வீட்டு ஈயைப் போன்றதல்ல. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவே இருக்கும். கொசுவைப் போல் ரீங்காரமிடாது. அந்தி முதல் விடியல் வரை வெளியே வரும். பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும். சுவர் விரிசல், இடிபாடு, மாட்டுச் சாணம், ஈரமான குப்பை மண் ஆகியவை இதற்குப் பிடித்தமான இடங்கள். சாதாரணக் கொசுவலையின் கண்ணிகளுக்குள் எளிதாகப் புகுந்துவிடும் அளவுக்குச் சிறியது.

கடித்த இடத்தில் உடனே ஒன்றும் தெரியாது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து ஒரு சிவந்த முடிச்சு எழும். மெல்லப் பெரிதாகி, நடுவில் குழிந்து, ஓரம் மேடான புண்ணாக மாறும். கிருமித் தொற்று கூடச் சேராவிட்டால் பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததால்தான் பெற்றோர் ‘சாதாரணக் கட்டி’ என்று விட்டுவிடுகிறார்கள். தூங்கும் குழந்தையின் முகமும் கைகளும் போர்வைக்கு வெளியே இருப்பதால் புண்கள் பெரும்பாலும் அங்கேயே வருகின்றன.

உலகில் ஆண்டுக்கு 6 லட்சம் முதல் 10 லட்சம் பேர் புதிதாக இந்த நோய்க்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆப்கானிஸ்தான், சிரியா, ஈராக், ஈரான், அல்ஜீரியா, பிரேசில், கொலம்பியா, பெரு ஆகிய எட்டு நாடுகளில்தான் மிகப் பெரும் பகுதி. 2004இல் அதே நிறுவனம் காபூலை இந்த நோயின் உலகிலேயே பெரிய மையம் என்று அறிவித்தது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் சுமார் 67,500 நோயாளிகள் இருந்ததாக அப்போது மதிப்பிடப்பட்டது.

குழந்தைகள் மீது ஏன் இந்தச் சுமை?

ஒருமுறை இந்தப் புண் வந்து ஆறியவருக்கு, அதே வகை ஒட்டுண்ணிக்கு எதிராகப் பொதுவாக நீண்டகால எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடுகிறது. காலங்காலமாக நோய் இருக்கும் ஊர்களில் பெரியவர்கள் பலர் சிறு வயதிலேயே அதைக் கடந்தவர்கள். புதிதாக மாட்டிக்கொள்பவர்கள் குழந்தைகளும் வெளியூரிலிருந்து வந்தவர்களும்தான்.

இப்போது திரும்பிச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த இரண்டு வகையிலும் அடங்குகிறார்கள். அகதி வாழ்க்கையில் பிறந்து, தாத்தாவின் ஊரை முதன்முறையாகப் பார்க்கும் குழந்தைகள் அவர்கள். அவர்கள் குடியேறும் வீடுகளோ பாதி இடிந்தவை. குப்பை அள்ள ஆளில்லை, மருந்து தெளிக்க நகராட்சியில் நிதியில்லை. சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் நகரங்களில் அதிகம் காணப்படும் ‘டிரோபிகா’ என்ற வகை, மனிதனிடமிருந்து ஈ வழியாக இன்னொரு மனிதனுக்குச் செல்வது. சிகிச்சை பெறாத ஒரு நோயாளி இருக்கும் தெருவில் ஈக்களும் இருந்தால் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்துதான்.

மக்கள் நகர்ந்தால் இந்த நோயும் நகரும் என்பதை லெபனான் ஏற்கெனவே பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நோயாளிகள் இருந்தார்கள். 2013இல் ஒரே ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிரிய அகதிகள்.

அந்தக் காலத்தில் ஒரு வதந்தியும் பரவியது. சிரியாவின் தெருக்களில் கிடந்த பிணங்களிலிருந்துதான் இந்த ‘சதை தின்னும் நோய்’ கிளம்பியது என்று சில மேலைநாட்டு ஊடகங்கள் எழுதின. பிணத்திலிருந்து இது பரவாது என்று நிபுணர்கள் மறுத்தார்கள். மறுப்பு, வதந்தி போன வேகத்தில் போகவில்லை. இதனால் விளைந்த கேடு, நோயோடு வந்த அகதிக் குழந்தையைப் பார்த்து அண்டை வீட்டார் விலகி நின்றதுதான்.

தொட்டால் ஒட்டுமா?

ஒட்டாது. தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் உறங்குவதாலோ, முத்தமிடுவதாலோ இந்த நோய் வருவதில்லை. ஈ கடிக்க வேண்டும்.

ஆனாலும் காபூலில் நடந்த ஆய்வுகளில், சேர்ந்து உண்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் நம்பியது தெரியவந்தது. புண் உள்ள தாய் தன் பிள்ளையை அணைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டிருக்கிறாள். வடு உள்ள பெண்ணுக்கு வரன் அமைவது கடினமாகியிருக்கிறது. மணல் ஈ புண்ணைத்தான் தந்தது, ஒதுக்கிவைத்தது மனிதர்கள். ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஒரே அளவு வடுதான் விழுகிறது, ஆனால் அதற்கான விலையைப் பெண்ணே அதிகம் கொடுக்கிறாள். இதைப் படிக்கும் நாமும், நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகும்போது என்ன பேசுகிறோம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

இந்த அச்சத்தின் ஆழத்தைக் காட்டும் ஒரு பழைய வழக்கம் உண்டு. மேற்காசியாவிலும் மத்திய ஆசியாவிலும் சில சமூகங்களில், புண்ணிலிருந்து எடுத்த நீரைக் குழந்தையின் தொடை போன்ற மறைவான இடத்தில் வேண்டுமென்றே ஏற்றிவிடுவார்கள். அங்கே ஒரு புண் வந்து ஆறட்டும், முகம் தப்பிக்கட்டும் என்ற கணக்கு. எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லைக் கேள்விப்படாத தாய்மார்கள் கண்டறிந்த வழி அது. 1980களின் ஈரான்–ஈராக் போரின்போது ஈரான் அரசே இந்த முறையைப் பெருமளவில் கையாண்டது. சிலருக்குப் புண் ஆறாமல் நீடித்ததால் பின்னர் அது கைவிடப்பட்டது. மனிதர்களுக்கான தடுப்பூசி இன்றுவரை வரவில்லை.

என்ன சிகிச்சை?

முதலில் நோய் இதுதான் என்று உறுதி செய்ய வேண்டும். புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது எளிய முறை. தொழுநோய், தோல் காசநோய், படை, சாதாரணச் சீழ்க்கட்டி ஆகியவற்றோடு இது குழம்பிவிடும் என்பதால் பார்த்த மாத்திரத்தில் மருந்து கொடுப்பது சரியல்ல.

அடுத்து, எந்த வகை ஒட்டுண்ணி என்பது முக்கியம். பாலைவன எலிகளிடமிருந்து வரும் ‘மேஜர்’ வகை சில மாதங்களில் தானே ஆறக்கூடியது. சிறிய புண், ஒன்றோ இரண்டோ மட்டும், முகத்திலும் மூட்டிலும் இல்லை என்றால் சுத்தமாக வைத்துக் காத்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. ‘டிரோபிகா’ வகை ஓராண்டையும் தாண்டும். சிலருக்கு ஆறிய வடுவைச் சுற்றி மீண்டும் மீண்டும் கிளம்பி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். முகத்தில், காதில், விரல் மூட்டில் வந்தாலோ, புண்கள் நான்குக்கு மேல் இருந்தாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ காத்திருக்கக் கூடாது.

பழைய, இன்றும் முதன்மையான மருந்து ஆன்டிமனி என்ற உலோகத்தின் சேர்மம். இப்போது பயன்படும் வடிவம் 1940களிலிருந்து உள்ளது. இதை இரண்டு விதமாகச் செலுத்தலாம். ஒன்று, புண்ணின் ஓரங்களிலேயே ஊசி போடுவது. சில நாட்கள் இடைவெளியில் சில முறை போட வேண்டும். மற்றொன்று, தசையில் தினமும் ஊசி, 10 முதல் 20 நாட்கள் வரை. இரண்டாவது முறையில் மருந்து உடல் முழுவதும் பரவுவதால் இதயம், கல்லீரல், கணையம் ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

இங்கே குழந்தைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எடைக்கு ஏற்ற அதே அளவு மருந்தைக் கொடுத்தாலும், சிறு குழந்தையின் உடல் பெரியவரைவிட வேகமாக அதை வெளியேற்றிவிடுகிறது என்பது கொலம்பிய ஆய்வில் தெரியவந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் ஊசி எதிர்பார்த்த பலன் தராததற்கு இது ஒரு காரணம். முகப் புண்ணில் ஊசி இறங்கும் வலி இன்னொரு சிக்கல். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அலறும் குழந்தையின் மூக்கருகே ஊசி போடுவதை ஒருமுறை பார்த்த தாய் அடுத்த முறை வராமல் போனால் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாதியில் நின்ற சிகிச்சையால் புண் முழுதாக ஆறாமல் போகலாம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. புண்ணை மரத்துப்போகச் செய்து, ஒரு சிறு கருவியால் 50 டிகிரி வெப்பத்தை 30 விநாடிகள் செலுத்தும் முறை ஒன்று. ஒட்டுண்ணி வெப்பத்தைத் தாங்காது. காபூலில் சுமார் 400 நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை வெப்பம் கொடுத்தவர்களில் சுமார் 69 சதவீதத்தினர் குணமானார்கள். புண்ணில் ஊசி போட்டவர்களில் 75 சதவீதம், தசையில் ஊசி போட்டவர்களில் 45 சதவீதம். பல முறை அலைய வேண்டிய ஊசிக்குச் சற்றே குறைவான பலனை ஒரே வருகையில் தந்துவிடுகிறது வெப்பம். தொலைதூரக் கிராமத்திலிருந்து குழந்தையைச் சுமந்துவரும் குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

திரவ நைட்ரஜனால் புண்ணை உறைய வைக்கும் முறையும் உண்டு. பெரும்பாலும் அதை ஊசியோடு சேர்த்துச் செய்கிறார்கள். அது தோலில் நிறமாற்றத்தை விட்டுச்செல்லக்கூடும். பூசும் மருந்தும் வந்திருக்கிறது. பாரமோமைசின் என்ற களிம்பைத் துனீசியாவில் 375 பேரிடம் 20 நாட்கள் பூசிப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் புண் ஆறியது. மருந்தில்லாத களிம்பு பூசியவர்களில் 58 சதவீதம். இது ‘மேஜர்’ வகைக்கான கணக்கு. ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு இதைவிட இதமான சிகிச்சை வேறில்லை. ஆனால் தேவைப்படும் நாடுகளில் அந்தக் களிம்பு பரவலாகக் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை.

வாயால் உட்கொள்ளும் மில்டிஃபோசின் என்ற மருந்தையும் சொல்ல வேண்டும். காலா அசார் என்னும் உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸுக்காக இந்தியா 2002இல் அனுமதித்த மருந்து இது. கொலம்பியாவில் 2 முதல் 12 வயது வரையிலான 116 குழந்தைகளிடம் ஒப்பிட்டபோது, 28 நாள் மில்டிஃபோசின் சுமார் 83 சதவீதமும், 20 நாள் ஊசி 69 சதவீதமும் பலன் தந்தன. அங்குள்ள ஒட்டுண்ணி வேறு வகை என்பதால் அதே எண்ணை ஆப்கானிஸ்தானுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வாந்தி வரலாம். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

மருந்து இருந்தும் ஏன் கிடைக்கவில்லை?

இது ஏழைகளின் நோய். வாங்கும் சக்தி இல்லாதவர்களுக்காக எந்த நிறுவனமும் மருந்தைப் போட்டி போட்டுத் தயாரிப்பதில்லை. பல நாடுகளில் இந்த மருந்துகள் முறையாகப் பதிவு செய்யப்படவில்லை, தொண்டு நிறுவனங்கள் வெளியிலிருந்து தருவித்தால்தான் உண்டு. பாகிஸ்தானில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2008 முதல் பலூசிஸ்தானிலும், 2018 முதல் பெஷாவரிலும் சிகிச்சை அளித்துவருகிறது. அரசு மருத்துவமனையில் தாராளமாகக் கிடைக்க வேண்டிய ஓர் ஊசிக்கு மக்கள் ஒரு தொண்டு அமைப்பை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

அந்த உதவியும் இப்போது சுருங்குகிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதும் மற்ற நன்கொடை நாடுகளும் கையைச் சுருக்கின. 2025 மார்ச் 4 நிலவரப்படி ஆப்கானிஸ்தானில் 167 மருத்துவ நிலையங்கள் நிதியின்றி மூடப்பட்டதாகவும், ஜூனுக்குள் மேலும் 220க்கும் மேல் மூடப்படலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பிரசவமும் நிமோனியாவும் பார்க்கவே ஆளில்லாத இடத்தில், உயிரைக் கொல்லாத ஒரு புண்ணுக்கு யார் முன்னுரிமை தருவார்கள்? லட்சக்கணக்கான குழந்தைகள் வந்து சேரும் அதே ஆண்டில் மருத்துவ நிலையங்கள் மூடப்படுகின்றன. இந்த இரண்டும் ஒன்றாக நடப்பதன் விலையைப் பல ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளின் முகங்களில் பார்க்கலாம்.

பெரிய செலவில்லாத தடுப்பு வழியும் இருக்கிறது. காபூலில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பூச்சிமருந்தில் நனைத்த கொசுவலை நோயைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. மக்கள் அன்றாடம் போர்த்திக்கொள்ளும் சாதரையே அதே மருந்தில் நனைத்துக் கொடுத்தபோதும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது. வலை வாங்க முடியாத குடும்பத்திடமும் சாதர் இருக்கும். திரும்பி வரும் குடும்பத்துக்கு எல்லையில் கொடுக்கும் நிவாரணப் பொதியில் இப்படி ஒரு போர்வையைச் சேர்ப்பது முடியாத காரியமல்ல.

நமக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

இந்த ஒட்டுண்ணியின் கதையில் சென்னைக்கும் இடமுண்டு. 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டொனோவன் அதைக் கண்டறிந்தார். அதே ஆண்டு வில்லியம் லீஷ்மன் லண்டனிலிருந்து தமது கண்டுபிடிப்பை வெளியிட்டார். இருவர் பெயரையும் சேர்த்து ‘லீஷ்மேனியா டொனோவனி’ என்று அந்த வகைக்குப் பெயரிட்டார் ரொனால்ட் ரோஸ். பீகாரில் காலா அசாரை உண்டாக்குவது இதுதான்.

இலங்கையில் இதே வகை பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. அங்கேயே தொற்றிய முதல் நோயாளி பற்றிய செய்தி 1992இல் வந்தது. 2008 முதல் மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இது சேர்க்கப்பட்டது. 2018இல் நோயாளிகள் மூவாயிரத்தைத் தாண்டினார்கள். அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் அதிகம். இவற்றில் தமிழ் பேசும் முஸ்லிம் கிராமங்களும் உண்டு. அங்கு அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவில் ஊசியும் திரவ நைட்ரஜன் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கின்றன. போர் நடந்த நாடுகளின் தாய்மார்களுக்குக் கிடைக்காத வசதி இது. அதை நாம் பயன்படுத்தாமல் விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் ராஜஸ்தானின் பிகானேர், இமாச்சலப் பிரதேசத்தின் சில பள்ளத்தாக்குகள், கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பகுதி ஆகிய இடங்களில் இந்த நோய் பதிவாகியுள்ளது. சவூதி அரேபியாவின் அல்அஹ்ஸா போன்ற பகுதிகளிலும் நெடுங்காலமாக இருக்கிறது. குடும்பத்தோடு வளைகுடாவில் வசித்துவிட்டு விடுமுறைக்கு வரும் பிள்ளையின் முகத்தில் ஒரு புண் இருந்தால், எங்கிருந்து வந்தார்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். நம் ஊர் மருத்துவர் இந்த நோயை அதிகம் பார்த்திருக்க மாட்டார். அந்த ஒரு தகவல்தான் அவருக்குத் துப்பு.

பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியவை சில. மூன்று, நான்கு வாரங்களாகியும் ஆறாத, வலியில்லாத, ஓரம் தடித்த புண் என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சூடு வைப்பது, எரிக்கும் பொருட்களைத் தடவுவது, பச்சிலை அரைத்துக் கட்டுவது எல்லாம் வடுவைப் பெரிதாக்கும். தொடங்கிய சிகிச்சையைப் புண் சிறிதானதும் நிறுத்திவிடாதீர்கள். நோயுள்ள பகுதியில் வசிப்பவர்கள் மருந்திட்ட, கண்ணி நெருக்கமான வலைக்குள் குழந்தையைத் தூங்க வையுங்கள். அந்தி சாய்ந்த பின் கை, கால் மூடிய உடை அணிவியுங்கள். வீட்டைச் சுற்றிக் குப்பையும் சாணமும் சேர விடாதீர்கள்.

புண் உள்ள குழந்தையை மதரஸாவுக்கோ பள்ளிக்கோ அனுப்பலாம். மற்ற பிள்ளைகளோடு அமர்ந்து ஓதலாம், உண்ணலாம், விளையாடலாம். ஆசிரியர் இதை முதல் நாளே வகுப்பில் விளக்கிச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையை யாரும் ஒதுக்க மாட்டார்கள்.